சேறு தடுத்த பலகை

மோட்டார்க் காரின் உறுப்புகளுக்குள் ‘டாஷ் போர்டு’ என்ற பலகையின் சரித்திரந்தான் மிகவும் விசித்திரமானது. சக்கரம் சக்கரமாகவே பிறந்தது. விளக்கு விளக்காகவே பிறந்தது. இந்தப் பலகை மட்டும் வேறு ஒரு வேலைக்காகப் பிறந்து, அந்த வேலை போய்விட்ட பிறகும் வீட்டைக் காலி செய்யாமல் உட்கார்ந்துகொண்டு, கடைசியில் அந்த வீட்டுக்கே கணக்குப்பிள்ளை ஆகிவிட்டது.

‘டாஷ்’ என்றால் வாரி அடிப்பது, இறைப்பது என்று பொருள் சொல்லலாம். குதிரை பாய்ச்சலில் போகும்போது அதன் பின்னங்கால் குளம்புகள் சேற்றையும் சரளைக் கல்லையும் வாரி இறைக்கும். கோச்சு வண்டியின் முன்னால் உட்கார்ந்திருக்கும் சாரதியின் மேல் அது படாமலிருக்க, கால் வைக்கும் இடத்துக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தினார்கள். சில வண்டிகளில் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டினார்கள். சேறு தடுத்த அந்தப் பலகைதான் டாஷ் போர்டு. மணியோ முள்ளோ எண்ணோ அதில் கிடையாது.

நம்முடைய கரிசல் சீமைக்கு இந்தப் பலகை தேவைப்படவே இல்லை. விருதுபட்டி என்றிருந்த விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம் ஆகிய ஊர்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாடார் வியாபாரிகள் வண்டிப் பேட்டைகள் அமைத்தார்கள். பருத்தியும் மிளகாயும் எண்ணெயும் பருப்பும் ஏற்றிய பார வண்டிகள் இராத் தங்கிப் போகும் இடங்கள் அவை. வழிப்பறிப் பயமில்லாமல் மாட்டை அவிழ்த்து விடலாம். சரக்கைக் காபந்து செய்யலாம். அந்த வண்டிகளை இழுத்தவை மாடுகள். மாடு நடக்கும், மிஞ்சினால் ஓடும். சாரதியின் முகத்தில் சேற்றை அடிக்கும் வேகம் அதற்கு வருவதில்லை. ஆகவே நம் வண்டிக்காரனுக்கு முன்னால் பலகை இல்லை. மாட்டின் முதுகும் அதற்கப்பால் ரஸ்தாவுந்தான் இருந்தன.

அதற்காக அவனிடம் அளவுக் கருவிகளே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. அச்சு காய்ந்து கிறீச்சிட்டால் இறங்கி மை போடுவான். மாட்டின் மூச்சு மாறினால் நிழல் கண்ட இடத்தில் நிறுத்துவான். நுகத்தடி ஒரு பக்கம் சாய்ந்தால் பாரத்தை நகர்த்திக் கட்டுவான். எண்ணெயின் அளவு, யந்திரத்தின் சூடு, சுமையின் நிலை என்று பிற்காலத்தில் மூன்று முட்கள் சொல்லவிருந்த சமாசாரத்தை அவன் காதாலும் கண்ணாலுமே தெரிந்துகொண்டான். இழுப்பது உயிருள்ள பிராணியாக இருந்தவரையில் இது சாத்தியம். இரும்பு இழுக்கத் தொடங்கியபோதுதான் சங்கடம் வந்தது. இரும்புக்கு வாய் விட்டு அலறத் தெரியும். முன்கூட்டி முனகத் தெரியாது.

சென்னையில் 1840-இல் தொடங்கிய சிம்ஸன் கம்பெனி சேணமும் கோச்சு வண்டிகளும் செய்து பெயர் எடுத்தது. அதே கம்பெனியில் இருந்த ஸாமுவேல் ஜான் கிரீன் என்ற இன்ஜினீயர் 1903-இல் நீராவியால் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். கோச்சு வண்டியின் அளவுகள் பழகிய பட்டறையிலே மோட்டார் வண்டி பிறந்தது, உலகம் முழுவதும் நடந்த கதைதான். ஆகவே குதிரையை அவிழ்த்துவிட்ட பிறகும் தச்சனின் கை பழைய வழக்கப்படி முன்னால் ஒரு பலகையை நிறுத்தியது. அமெரிக்காவில் 1901-இல் வெளிவந்து அமோகமாக விற்ற ஓல்ட்ஸ்மொபைல் காருக்கு ‘வளைந்த டாஷ்’ என்பதே பெயராக விளங்கியது. குதிரை இல்லை, குளம்பு இல்லை, இன்ஜினோ ஆசனத்துக்கு அடியில் இருந்தது. ஆனாலும் முன்னால் அழகாகச் சுருண்ட பலகை! பழக்கத்தின் பலம் அப்படிப்பட்டது.

பிறகு இன்ஜின் முன்பக்கத்துக்கு வந்தது. சேற்றைத் தடுத்த பலகை இப்போது இன்ஜினின் சூட்டையும் எண்ணெயையும் தடுக்கும் சுவராயிற்று. இன்ஜினுக்கு ஒரு பக்கமும் ஓட்டுகிறவனுக்கு மறு பக்கமும் காட்டிக்கொண்டு நின்ற அந்தச் சுவரில், எண்ணெய் சொட்டுவதைப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார்கள். சுவரில் முதல் ஜன்னல் திறந்தது என்றே சொல்லலாம். பின்னால் எண்ணெயின் அழுத்தத்தைக் காட்டும் முள் வந்தது, மின்சாரத்தைக் காட்டும் முள் வந்தது, கடிகாரம் வந்தது.

வேகத்தைக் காட்டும் கருவிக்கு ஜெர்மனியைச் சேர்ந்த ஆட்டோ ஷுல்ட்ஸ என்பவர் 1902-இல் உரிமை பெற்றார். அதன் தந்திரம் ரஸமானது. கியர் பெட்டியிலிருந்து வரும் ஒரு முறுக்குக் கம்பி, கருவிக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சுற்றி ஓர் அலுமினியக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆனாலும் காந்தம் சுழலச் சுழல, கிண்ணத்தில் மின்சாரச் சுழி உண்டாகி, அதுவும் கூடவே திரும்பப் பார்க்கிறது. ஒரு மெல்லிய சுருள்வில் அதைப் பிடித்து இழுக்கிறது. இந்த இழுபறியில் கிண்ணம் எவ்வளவு திரும்பியதோ அவ்வளவுதான் வேகம். கிண்ணத்தோடு சேர்ந்த முள் அதை நமக்குச் சொல்லுகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுக் காலம் உலகத்தின் பெரும்பாலான கார்கள் இந்தத் தொடாத உறவை நம்பித்தான் ஓடின.

எந்த முள்ளை வைப்பது, எதை வைக்காமல் விடுவது என்பதை ஓட்டுகிறவன் தீர்மானிக்கவில்லை. செய்து விற்கிறவன் தீர்மானித்தான். 1908-இல் வந்த ஃபோர்டு ‘டி’ மாடலில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஆசனத்தைத் தூக்கி, தொட்டிக்குள் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீரின் சூட்டை அறிய 1910-களில் ரேடியேட்டர் மூடியின் மேலேயே ஓர் உஷ்ணமானியைப் பொருத்தும் வழக்கம் வந்தது. உள்ளே உட்கார்ந்தபடியே, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயில் சிவப்புக் கோடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள். அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தன் காரைப் பற்றித் தான் தெரிந்துகொள்வதற்குக் கார் விலைக்கு மேல் ஒரு விலை!

தென்பாண்டிச் சீமைக்கு மோட்டார் வந்தது பணக்காரர் விளையாட்டாக மட்டுமல்ல, பஸ்ஸாகவும் வந்தது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கினார். கொங்கு நாட்டில் ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே முதல் பஸ்ஸை விட்டார். அதே நாயுடு 1952-இல் இரண்டு பேர் அமரக்கூடிய ஒரு சிறு காரைச் செய்து காட்டினார். விலை 2,000 ரூபாய் என்றார். சர்க்கார் லைசென்ஸ் கிடைக்காமல் அது பட்டறையோடு நின்றுபோயிற்று. தமிழ்நாட்டுக்கு இரட்டை ஆசனக் கார் ஒன்று தன் பெயரில் கிடைத்திருக்கவேண்டிய சந்தர்ப்பம் அது.

அது நழுவிய பிறகு நமக்குக் கிடைத்தது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டை, சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1961 முதல் செய்து விற்றது. இத்தாலியரான மிக்கெலாட்டி வரைந்த உருவம். மடிப்புக் கலையாத சட்டை போட்ட வாலிபனைப் போன்ற தோற்றம். டாக்டர்களும் வக்கீல்களும் மில் சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அதை ஓட்டினார்கள். இந்தக் காரின் அடிச்சட்டம் தனி, உடல் தனி. அந்தச் சட்டத்தையே குட்டையாக்கி, அதன் மேல் மிக்கெலாட்டியே வரைந்த இன்னோர் உடலை வைத்து, 1962-இல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். அதாவது, நம்மூர் ஹெரால்டு அந்தப் பந்தயக்காரனுக்கு உடன்பிறந்த அண்ணன்.

ஆனால் உடன்பிறந்தார் இருவருக்கும் தகப்பன் ஒரே மாதிரி சொத்துப் பிரிக்கவில்லை. இங்கிலாந்தின் முதல் ஹெரால்டு ஸலூனில் டாஷ் போர்டு என்பது காகிதக் கூழை அழுத்திச் செய்த சாம்பல் நிற அட்டை. அதில் பெரிய வட்டம் ஒன்று. வேகமும் பெட்ரோல் அளவும் அதற்குள்ளேயே. தண்ணீரின் சூட்டைக் காட்டும் முள் வேண்டுமானால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்பிட்ஃபயரிலோ நடுவில் நான்கு வட்டங்கள்: வேகம், இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்ற கணக்கு, பெட்ரோல், சூடு. 1967-இல் வந்த மூன்றாம் மாடலில் அந்த வட்டங்களைச் சுற்றி மெல்லிய மரத் தகடும் ஒட்டினார்கள். வேகமாகப் போகிறவனுக்குத் தன் யந்திரத்தின் நாடி தெரிய வேண்டும். குடும்பத்தோடு போகிறவனுக்கு வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. குளிர்ந்த இங்கிலாந்தில் அந்தக் கணக்குச் சரியாகவே இருந்திருக்கலாம். சித்திரை வெயிலில் விருதுநகரிலிருந்து சாத்தூர் போகிறவனுக்கு அது சரியாகுமா?

இந்தக் கேள்வியில்தான் தனி டாஷ் போர்டு செய்து பொருத்தும் கலை பிறக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களையும் ஹெரால்டுகளையும் வைத்துப் பராமரிக்கிறவர்கள் இன்றும் இந்த வேலையைச் செய்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அலங்காரம். செய்து பார்த்தால் சாஸ்திரம்.

முதலில் பழைய பலகையைக் கழற்றுவதற்கு முன் பாட்டரியின் இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு கெட்டி அட்டையில் படிவம் வெட்ட வேண்டும். சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு அட்டைக்குப் பஞ்சமா? அட்டையை வைத்துப் பார்த்து, ஸ்டியரிங் சக்கரத்தின் கம்பிகள் எந்த வட்டத்தையும் மறைக்கவில்லை என்று தெரிந்த பிறகே மரத்தைத் தொட வேண்டும். தேக்கோ ஈட்டியோ முழுப் பலகையாகப் போட்டால் வெயிலில் முறுக்கிக்கொள்ளும். ஆகவே ஒட்டுப் பலகையை அடியில் வைத்து, மேலே மெல்லிய மரத் தகட்டை ஒட்டி, வார்னிஷைப் பல பூச்சு பூசி இழைப்பதே வழக்கம். பின்பக்கத்துக்கும் பூச்சு வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை வளையும்.

வட்டங்களை வெட்டி முடித்தால் பாதி வேலை முடிந்தது என்று தச்சர் நினைப்பார். எலெக்ட்ரீஷியன் சிரிப்பார். “அண்ணாச்சி, இரும்புல ஓடுன கரண்டு மரத்துல ஓடாது, பார்த்துக்கிடுங்க” என்று அவர் சொல்வதில் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. இரும்புப் பலகையில் பொருத்திய கருவிக்கு அந்த இரும்பே ‘எர்த்’. மின்சாரம் திரும்பிப் போகும் வழி. மரத்தில் பொருத்தினால் அந்த வழி அடைபட்டுப் போகும். ஒவ்வொரு கருவிக்கும் தனித் தனியாக ஒரு கம்பி இழுத்து உடலோடு சேர்க்க வேண்டும். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பெட்ரோல் முள்ளுக்கும் சூட்டு முள்ளுக்கும் 12 வோல்ட்டை 10 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும் சிறு பெட்டி ஒன்று உண்டு. அந்தப் பெட்டிக்கு எர்த் கிடைக்கவில்லையானால் முழு மின்சாரமும் பாய்ந்து, இரண்டு முட்களும் உள்ளதற்கு மேல் காட்டும். காலித் தொட்டியைப் பார்த்து நிறைய இருக்கிறது என்று சொல்லும் முள் எவ்வளவு அபாயமானது!

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அந்தக் காலத்து ஆங்கிலேயக் கார்களில் பெரும்பாலானவற்றில் பாட்டரியின் பாஸிடிவ் முனையே எர்த். இன்றைய கருவிகளுக்கு நெகடிவ்தான் எர்த். இதைப் பார்க்காமல் புதுச் சுற்றுமானியைப் பழைய காரில் இணைத்தால், முள் ஒரு தடவைகூட எழுந்திருக்காமல் கருகிப்போகும். வேகமானியை வேறு காரிலிருந்து எடுத்துப் போட்டாலும் தொந்தரவுதான். ஒரு மைலுக்குக் கம்பி எத்தனை சுற்றுச் சுற்றும் என்ற எண் கருவியின் முகத்திலேயே சிறிய எழுத்தில் இருக்கும். கியர் பெட்டிக்கும் அந்த எண்ணுக்கும் பொருத்தம் இல்லாவிட்டால், முள் கம்பீரமாக நின்று பொய் சொல்லும். கடைசியாக, இன்ஜின் அறைச் சுவரில் துளை போட்டுக் கம்பியைக் கொண்டுவரும் இடத்தில் ஒரு ரப்பர் வளையம் போட வேண்டும். இரண்டணா சமாசாரம். அது இல்லாமல் கம்பியின் மேலுறை தகரத்தில் உரசித் தேய்ந்து நெருப்புப் பிடித்த கார்கள் உண்டு.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில், 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயங்கள் நடத்தி வந்தது. பந்தயக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கருவிகளைச் சற்றுத் திருப்பிப் பொருத்துவார்கள். எல்லாம் சரியாக இருக்கும்போது எல்லா முட்களும் நேர் மேலே நிமிர்ந்து நிற்கும்படி. எண்களைப் படிக்கவேண்டியதில்லை. ஒரு முள் சாய்ந்தால் கண் அங்கே போய்விடும். தனக்கென்று ஒரு பலகை செய்துகொள்வதில் இதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 1970-களில் கோவையில் பிரிக்கால் கம்பெனி இத்தகைய கருவிகளைச் செய்ய முற்பட்டதும், முள்ளுக்காகச் சீமையைப் பார்த்து நிற்கவேண்டிய நிலை தமிழ்நாட்டுக்கு நீங்கியது.

தனி டாஷ் போர்டு என்றால் ஸ்போர்ட்ஸ் கார்க்காரருக்கு மட்டும் சொந்தமான ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டு லாரி டிரைவர் ஒவ்வொருவரும் அதைச் செய்துகொண்டவர்தான். பிள்ளையாரோ, முருகனோ, மாதாவோ, 786 என்ற எண்ணோ அவர் கண் முன்னால் இருக்கும். அந்தப் படங்களில் பெரும்பாலானவை சிவகாசியில் அச்சானவை. 1922-இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக அச்சு வந்தது; அச்சு வந்த பிறகு காலண்டரும் தெய்வப் படமும் வந்தன. கோவில்பட்டியில் வாழ்ந்து 1976-இல் மறைந்த கொண்டையராஜுவின் முருகனும் லக்ஷ்மியும் வீட்டுச் சுவர்களில் மட்டுமா இருந்தார்கள்? கம்பெனிக்காரன் வைக்காமல் விட்ட தைரியமானியை டிரைவர் தாமே வைத்துக்கொண்டார் என்று இதைச் சொல்லலாம்.

தெய்வத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் தெய்வத்தின் படம் சூட்டு முள்ளை மறைத்துக்கொண்டு நிற்கக் கூடாது.

சிவகாசி வட்டாரத்தில் இருந்துகொண்டு இந்தப் பேச்சை எடுத்தால், இன்னொரு பலகையைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1940-களிலிருந்து அங்கே வளர்ந்த பட்டாசுத் தொழிற்சாலைகளில் வேலை நடப்பது ஒரே பெரிய கட்டடத்தில் அல்ல; ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும் சிறு சிறு அறைகளில். ஒவ்வோர் அறையின் வெளியிலும் எழுதியிருக்க வேண்டும்: அறையின் எண், அதில் நடக்கும் வேலை, எத்தனை ஆட்கள் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து இருக்கலாம். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்குவதற்கு வாசலில் எர்த் செய்த உலோகத் தகடு. தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மரப் பலகையில் பொருத்திய கருவிக்கு எர்த் கம்பி இழுக்கிறோமே, அதே மின்சார நியாயந்தான் இங்கேயும். அங்கே எர்த் தவறினால் ஒரு முள் பொய் சொல்லும். இங்கே தவறினால் பேசுவதற்கு ஆள் இருக்கமாட்டார்கள்.

அந்த எழுத்தும் ஒரு டாஷ் போர்டுதான். எல்லை எது என்று சொல்லுகிறது. ஆனால் அதில் முள் இல்லை. ‘நான்கு பேர்’ என்று எழுதிய அறையில் எட்டுப் பேர் உட்கார்ந்தாலும் எண் நான்காகவே நிற்கும். அதற்கு ஏறத் தெரியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி, தீபாவளிக்கு முந்தைய அவசர காலத்தில், முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டார்கள். அனுமதித்த அளவுகள் மீறப்பட்டிருந்தன என்பது விசாரணையில் வந்த செய்தி. அதற்குப் பிறகும் அந்த வட்டாரத்தில் வெடிவிபத்துகள் நிற்கவில்லை. அளவைச் சொல்லும் பலகை சுவரில் இருப்பது வேறு. அளவை மீறும்போது அது கண்ணில் குத்துவது வேறு. வேலை செய்கிற பெண்ணுக்குத் தன் அறையின் எண்ணைப் படித்து, “இன்னும் ஒருத்தருக்கு இடமில்லை, அண்ணாச்சி” என்று சொல்லும் உரிமை இருக்குமானால், அவளே அந்தப் பலகையின் முள். கூலி போய்விடும் என்ற பயம் அந்த முள்ளைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்கும் வரையில், எண்ணை எவ்வளவு பெரிதாக எழுதி என்ன?

இதை மனத்தில் வைத்துக்கொண்டு பழைய காரின் விவகாரத்துக்கு வருவோம். பழைய கார்ப் பிரியர்களுக்குள் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. கம்பெனி கொடுத்தபடியே, அந்தச் சாம்பல் நிற அட்டை உள்பட, வைத்திருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. ஓட்டுகிற காரில் ஓட்டுகிறவனுக்கு வேண்டியது இருக்க வேண்டும் என்பது மறு கட்சி. முதல் கட்சியின் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த அட்டையும் ஒரு சரித்திரப் பத்திரம். 1960-களில் ஒரு கம்பெனி தன் வாடிக்கைக்காரனுக்கு எவ்வளவு சொன்னால் போதும் என்று நினைத்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதைத் துண்டு போட்டுக் குப்பையில் எறிவது அக்கிரமம். கழற்றி, துணியில் சுற்றி, பரண் மேல் வைத்துவிட்டு, அதே துளைகளில் புதுப் பலகையைப் பொருத்தலாம். பின்னால் வருகிறவன் வேண்டுமானால் பழையதை மாட்டிக்கொள்வான். கார் பொருட்காட்சிக்குப் போகும் நாளில் அட்டை இருக்கட்டும். கோடையில் சாத்தூர் ரஸ்தாவில் போகும் நாளில், சூட்டைச் சொல்லும் முள் இருக்கட்டும்.

குதிரையின் குளம்பு எறிந்த சேற்றைத் தடுக்கப் பிறந்த பலகை, நாளடைவில் இன்ஜினை நம் கண்ணிலிருந்து மறைக்கும் சுவராயிற்று. அந்தச் சுவரில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது மனிதனின் ஆவல். இன்னும் ஒரு ஜன்னல் வேண்டும் என்று கேட்கிறவனை ஆடம்பரக்காரன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் ஒரு வாரக் கூலி. அதற்குப் பிறகு அவனுடைய யந்திரம் கொதிப்பதற்கு முன்பே அவனுக்குத் தெரியும். பட்டாசு அறையில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு அந்த வசதியைச் செய்து கொடுக்க எத்தனை வாரக் கூலி ஆகும் என்றுதான் யாரும் இன்னும் கணக்குப் போடவில்லை.